இத்தா வீட்டில் நான் வெட்டிய மல்லிகை

இதை எழுதலாமா, வேண்டாமா என்று எத்தனையோ வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். இந்தத் தொடரில் இதுவரை என் தையல் மெஷினைப் பற்றியும், கல்முனைக் கடைத்தெருவைப் பற்றியும், பெருநாளைக்கு முந்திய கிழமைகளில் சட்டை கேட்டு வந்து சண்டை பிடித்தவர்களைப் பற்றியும் எழுதிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முறை பேனையை எடுக்கும்போதும் இந்தக் கதை வந்து வாசலில் நிற்கும். “இன்றைக்கு வேண்டாம்” என்று அனுப்பிவிடுவேன்.

காரணம் இரண்டு. ஒன்று, இது இத்தா இருந்த ஒரு பெண்ணின் அறை வாசலில் நடந்தது. கணவர் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், நான்கு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டுக்குள் அடங்கி இருப்பதைத்தான் இத்தா என்கிறோம். திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஒரு ஆண் அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுவது மரியாதையா என்று யோசித்தேன். மற்றது, அந்தப் பெண் என் மனைவியின் தாய், என் மாமி. அவர் இப்போது இல்லை. இருந்தால் அவரிடம் கேட்டு எழுதியிருப்பேன். இல்லை, இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். கேட்காமல் விட்டதுதான் இந்தக் கதையே.

ஆனால் போன மாதம் ஒரு கலியாண வீட்டில் என்னோடு ஒரே சஹன் தட்டில் சாப்பிட்ட மனிதர், நான் யார் என்று தெரியாமல், என் வீட்டுக் கதையை எனக்கே சொன்னார். மௌத்தாகிப்போன ஒரு நல்ல மனிதரின் கராமத்தால், அதாவது அற்புதத்தால், பட்டுப்போன மரம் ஒன்று ஒரே இரவில் பூத்ததாம். இத்தா இருந்த மனைவிக்கு அவர் அனுப்பிய பூவாம்.

கராமத்து இல்லை ஐயா, கத்தரிக்கோல் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து இங்கே சொல்கிறேன்.

ஏணியில் நின்ற காலை

வெயில் ஏறிய நேரம். எங்கள் வீட்டு நடுவறையில் ஏணி வைத்து ஏறி நிற்கிறேன். கையில் தையல் கடைக் கத்தரிக்கோல். கழுத்தில் அளவு நாடா. முன்னால் ஒரு மல்லிகை.

வெளியில் நிற்கிற மல்லிகை அல்ல. நடுவறைக்குள்ளே, பெரிய மண் சாடி ஒன்றில் நிற்கிறது. சுவரோடு ஏறி, கூரைக் கைமரத்தைச் சுற்றிப் பிடித்து, முகட்டில் பதித்த மூன்று கண்ணாடி ஓடுகளையும் இலையால் மூடிவிட்டது. பகலிலேயே அறை மங்கல். வெளிச்சத்தைத் தேடிப் போன மரம் வெளிச்சத்தையே மறித்துக்கொண்டு நின்றது.

இடது பக்கத்தில் மாமியின் அறை. வாசலில் வெள்ளைத் திரை. அந்தத் திரையை நான்தான் தைத்தேன். நிலத்தில் நான்கு விரல் புரளும்படி நீளம் விட்டிருந்தேன். கடல் காற்றுக்கு அது அலையாமல் இருக்கக் கீழ் விளிம்பின் மேல் ஒரு கல் வைத்திருந்தார்கள்.

கத்தரிக்கோலை விரித்தேன். திரைக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது.

விரித்த கத்தரிக்கோலை மூடிவிட்டேன். ஏன் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பூவுக்கு ஓடு போட்ட மனிதர்

நான் மருதமுனையில் நெசவு வீட்டில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாப்பா, காக்காமார் என்கிற அண்ணன்மார், எல்லாரும் தறியில் நூலைச் சேர்க்கிறவர்கள். நான் ஒருவன்தான் வெட்டுகிறவன் ஆனேன். “நாங்க நெய்ஞ்சி நெய்ஞ்சி நீளமாக்குறம், இவன் ஒரு வெட்டுல கட்டையாக்குறான்” என்று மூத்த காக்கா பகிடி பண்ணுவார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நானும் ஒரு தையல் மெஷினும் ஒரு பெட்டியுமாகச் சாய்ந்தமருதுக்குப் போனேன். மனைவி பெயர் சல்மா. அவளுடைய வாப்பா, அதாவது என் மாமா, கரைவலை வைத்திருந்தவர். வீட்டிலிருந்து கடல் சத்தம் கேட்கும்.

மாமாவுக்குக் காரைதீவில் கந்தப்பர் என்று ஒரு கூட்டாளி. வயல்காரர். மீன் இங்கிருந்து அங்கே போகும், நெல் அங்கிருந்து இங்கே வரும். மாமா கலியாணம் முடித்த புதிதில் கந்தப்பர் தன் வளவு மல்லிகையில் ஒரு தடி முறித்துக் கொடுத்தாராம். மாமா அதை முற்றத்தில் நட்டார். உப்புக் காற்றில் கருகிவிட்டது. இரண்டாவது தடியை ஆடு தின்றது. மூன்றாவது தடியோடு வந்தவர், நேரே வீட்டுக்குள் போய், நடுவறையில் சாடியை வைத்து நட்டுவிட்டு, ஏணி வைத்து ஏறி மூன்று ஓட்டைக் கழற்றிக் கண்ணாடி ஓடு போட்டாராம்.

ஊர் சிரித்தது. “கடலுக்கு வலை போடுறவன் பூவுக்கு ஓடு போடுறான்” என்று சொன்னார்களாம். மாமா கவனிக்கவில்லை. மாமிக்கு மல்லிகை பிடிக்கும். அதற்கு மேல் விளக்கம் யாரும் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

மாரி மழை ஓய்ந்ததும் வருடா வருடம் மாமா அந்த மரத்தைக் கட்டையாக வெட்டுவாராம். கைமரத்தில் ஏறாமல் உயரத்தை அடக்குவதற்கு வெட்டுகிறார் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். சல்மாவும் அப்படித்தான். வெட்டுவதையும் கண்டிருக்கிறாள், பூவையும் கண்டிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாதம் கிடந்ததால் ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

நான் அந்த வீட்டுக்குப் போய் மூன்று வருடம். போனபோது அந்த வருடத்து வெட்டு முடிந்திருந்தது. அந்த மூன்றில் கடைசி இரண்டு வருடமும் மாமா படுக்கையில். மரத்தை வெட்ட ஆள் இல்லை. அதனால்தான் அது முகட்டு ஓட்டைத் தொட்டது.

சாச்சியின் சட்டம்

கல்லோயா அணைத் தண்ணீர் எங்கள் பக்கத்து வாய்க்கால்களில் வரத் தொடங்கியிருந்த காலம். வருடம் சரியாகச் சொல்ல வராது. மாரி முடிகிற நேரம் மாமா மௌத்தானார்.

மாமி இத்தாவில் இருந்தார். நிறச் சேலைகள் பெட்டிக்குள் போயின. இத்தாவில் அலங்காரமும் மணமும் கூடாது என்பதால் கண்ணுக்கிடும் சுருமாவும் அத்தரும் பக்கத்து வீட்டுக்குப் போயின. மாமி வெள்ளை உடுத்து, குர்ஆனை வைத்துக்கொண்டு, திரைக்குள் அமைதியாகிவிட்டார்.

சத்தம் எல்லாம் சாச்சியிடம் இருந்து வந்தது. மாமியின் தங்கை, மாமியை ராத்தா என்பார். கிடுகு வேலிக்கு அடுத்த பக்கம் வீடு. நல்ல மனம், பெரிய வாய். இருபதாம் நாளோ என்னவோ, நடுவறையில் நின்று முகட்டைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மருமகன்! இஞ்ச வாங்க. அதென்ன வெள்ளையா?”

பார்த்தேன். கண்ணாடி ஓட்டோடு ஒட்டி, உச்சியில், நான்கே நான்கு மொட்டு.

“மொட்டு, சாச்சி.”

“மொட்டென்டு எனக்கும் தெரியும். விரிஞ்சா ஊடு முழுக்க மணக்கும். மணம் பட்டா ராத்தாட இத்தா முறிஞ்சி போகும்.”

“முறிஞ்சா?”

“முறிஞ்சா என்ன, முதல் நாளில இருந்து திரும்பத்தான். நாலு மாசமும் பத்தும். வேரோட புடுங்கி எறிங்க.”

சல்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “சாச்சி, அது வாப்பாட மரம்!”

“வாப்பாட மரம்தான். இத்தாவும் வாப்பாக்குத்தானே புள்ள?”

சாடியை வெளியில் தூக்கி வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அசைத்தும் பார்த்தேன். அடி ஓட்டையால் வேர் இறங்கி, நிலத்து மண்ணைப் பிடித்து எத்தனையோ வருடம். சாடியைத் தூக்கினால் மரம் சாகும்.

சல்மா அழுதாள். சாச்சி இடுப்பில் கை வைத்து நின்றார். வீட்டில் இருந்த ஒரே ஆண் நான். அப்போதுதான் என் தையல் மூளை வேலை செய்தது.

“புடுங்க வேணாம் சாச்சி. கட்டையா வெட்டுவம். மரம் வளர்ந்து மேல போய்த்தானே பூக்குது? திரும்ப அவ்வளவு உசரம் வளர ஒரு வருசம் போகும். அதுக்குள்ள இத்தா முடிஞ்சிடும்.”

சாச்சி யோசித்தார். “ஓம். அது சரி. தையக்காரனெண்டாலும் மூளை இரிக்கி.”

வெட்டிய துணி வளராது. கை குறைந்த சட்டை குறைந்ததுதான். நான் படித்திருந்த பாடம் அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் ஏணியில் ஏறினேன்.

மாமாவின் கை நீளம்

இருமல் கேட்டது என்று சொன்னேன் அல்லவா?

மாமிக்கும் மருமகனுக்கும் மார்க்கத்தில் மறைவு இல்லை. இத்தாவிலும் பேசலாம். ஆனால் எங்கள் பக்கத்து வெட்கம் மார்க்கத்தை விடக் கடுமையானது. மூன்று வருடத்தில் மாமி என்னோடு நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை. எது என்றாலும் சல்மா நடுவில் நிற்க வேண்டும். அன்றைக்கும் அவள் வந்து திரையோரம் குந்தினாள்.

“என்ன செய்யப் போறாராம் புள்ள?” உள்ளேயிருந்து மாமியின் குரல்.

“மரத்த வெட்டப் போறாராம் உம்மா. பூக்காம இரிக்க.”

உள்ளே குர்ஆனை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு:

“எவ்வளவுக்கு?”

“என்ட தோளளவுக்கு” என்றேன் சல்மாவிடம்.

“தோளளவுக்காம் உம்மா.”

“எனக்குக் காது கேக்கும் புள்ள. அது உசரம். அவர் வெட்டினா சாடி விளிம்பில இருந்து அவர்ர கை நீளம்தான் விடுவார். அதுக்கு மேல ஒரு விரலும் விடமாட்டார். சொல்லு.”

சல்மா என்னைப் பார்த்தாள். மாமாவின் கை நீளத்துக்கு இப்போது எங்கே போவது?

எனக்குத் தெரியும் எங்கே என்று. ஏணியால் இறங்கி, சைக்கிளை எடுத்து, கல்முனைக் கடைக்குப் போனேன். அளவுக் கொப்பியைப் புரட்டினேன். ஒரு பெருநாளைக்கு மாமாவுக்கு நான் சட்டை தைத்திருந்தேன். அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. கழுத்து, நெஞ்சு, தோள். கை நீளம் இருபத்து மூன்றரை இஞ்சி.

கபுருக்குள் போய்விட்ட ஒரு மனிதரின் கை என் கொப்பியில் பென்சிலால் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு துண்டு நூலை அடையாளம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

சாடி விளிம்பில் நாடாவை வைத்து அளந்து, சுவரில் தையல் சோக்கால் ஒரு கோடு போட்டேன். பிறகு வெட்டத் தொடங்கினேன். மாமி திரைக்குள்ளிருந்து சொல்லச் சொல்ல, சல்மா திருப்பிச் சொல்ல, நான் வெட்டினேன்.

“கணுவில வெட்ட வேணாமாம். கணுவுக்குக் கொஞ்சம் மேலயாம்.”

“சாய்ச்சி வெட்டணுமாம்.”

“மெல்லிசுக் கொப்பெல்லாம் அடியோட எடுக்கட்டாம்.”

“மிச்ச இலையெல்லாம் உருவிப் போடட்டாம்.”

இலையையும் ஏன் உருவ வேண்டும் என்று யோசித்தேன். கேட்கவில்லை. மாமி சொல்கிறார், செய்தேன்.

கடைசியில் சாடியில் ஒரு கைப்பிடித் தடிகள் மட்டும் நின்றன. முகட்டிலிருந்து இலைப் பாரம் இறங்கியதும், வெயில் மூன்று சதுரமாக நிலத்தில் விழுந்தது. ஒரு சதுரத்தின் மூலை திரையின் கீழ் விளிம்பைத் தொட்டது.

“வெட்டின மரத்துக்குப் பசிக்கும்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “மீன் கழுவின தண்ணிய ஒருநாள் விட்டு ஒருநாள் ஊத்து புள்ள.”

பின்னேரம் சாச்சி வந்து, தடிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இது இந்த வருசத்துக்கு எழும்பாது” என்று சந்தோசமாகப் போனார்.

அடுத்த நாள் கடையில் என் கத்தரிக்கோல் துணியை வெட்டாமல் மென்றது. தடி வெட்டியதில் கூர் போய்விட்டது. சாணை பிடிக்கிறவர் வரும்வரைக்கும் இரவல் கத்தரிக்கோல்தான்.

ஒன்றுக்கு இரண்டு

எனக்கு ஒரு பழக்கம். அளக்க ஒன்று கிடைத்தால் விடமாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குக் குளித்துவிட்டுப் போகுமுன் நாடாவை எடுத்துக்கொண்டு சாடிக்குப் பக்கத்தில் குந்துவேன்.

முதல் கிழமை ஒன்றுமில்லை. இரண்டாவது கிழமையும் இல்லை. மாமாவுக்காக நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதி கத்தம் நடத்திய அன்று பார்த்தேன், ஒவ்வொரு கணுவிலும் அரிசி மணி அளவு பச்சை. ஒரு கணுவுக்கு ஒன்றல்ல, இரண்டு. இடமும் வலமும். நான் வெட்டிய இடத்தில் ஒரு கொப்புக்குப் பதிலாக இரண்டு கொப்பு வந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒரே வியப்பு. ஒரு சட்டையின் கையை வெட்டினால் இரண்டு கை முளைக்கிற மாதிரி. சல்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “உசரம் ஏறல்லையே, அது போதும்” என்றாள்.

உயரம் ஏறவில்லைதான். அகலம் ஏறியது. புதுக் கொப்பெல்லாம் ஒரு சாண் வளர்ந்து நின்றன. ஒரு வெள்ளிக்கிழமை குந்திப் பார்த்தேன். நுனியில் எல்லாம் மொட்டு. எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை.

இத்தா முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

சாச்சி வந்து பார்த்துப் போட்ட சத்தம் கடற்கரைக்குக் கேட்டிருக்கும்.

“நாலு மொட்டு இருந்த மரத்த நாப்பது மொட்டாக்கிட்டீங்களே மருமகன்! வெட்டினீங்களா, வளர்த்தீங்களா? இப்பவே புடுங்குங்க!”

சாடியைப் பிடிக்கப் போனார். சல்மா குறுக்கே நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் அளவு நாடாவோடு. அப்போது திரைக்குள்ளிருந்து மாமி கொஞ்சம் உரத்துப் பேசினார்.

“ஒருத்தரும் புடுங்க வேணாம். பள்ளி லெவ்வையிட்ட கேட்டு வரச் சொல்லு புள்ள. திரும்ப இரிக்கணும் என்டா, திரும்ப இரிக்கிறன்.”

சாச்சி சாடியிலிருந்து கையை எடுத்தார்.

திரும்ப இரிக்கிறன். அவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டார். அந்த அறையின் வெக்கையும் அந்த ஒற்றைப் பாயும் எனக்குத் தெரியும். என் கத்தரிக்கோலால் ஒரு பெண் இன்னும் நான்கு மாதமும் பத்து நாளும் அதற்குள் இருக்க வேண்டி வருமா?

கந்தப்பர் சிரித்தார்

பள்ளிவாசலுக்குப் போக வேண்டியவன் காரைதீவுக்குப் போனேன். பயம்தான். மொட்டு விரியாமல் தடுக்க வழி இருந்தால் லெவ்வையிடம் போகும் தேவையே இல்லையே என்று நினைத்தேன்.

கந்தப்பர் வளவில் வேலிக்குக் கம்பு சீவிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். கம்பைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“பூக்காம இரிக்க வெட்டினீங்களா? தம்பி, மல்லிகைய வெட்டாட்டித்தான் பூக்காது. கண்டபடி ஓடித் திரியும். வெட்டினாத்தான் அது ஒரு இடத்தில நிண்டு பூக்கும். இலை உருவினீங்களா?”

“ஓம்.”

“தண்ணி?”

“மீன் கழுவின தண்ணி.”

“அப்ப நீங்க பூக்கிறதுக்கெல்லோ எல்லாம் செய்திரிக்கிறீங்க!” மறுபடியும் சிரித்தார். “உங்கட மாமனுக்கு இந்த வேலையக் காட்டிக் குடுத்ததே நான்தான். சாடியில இருந்து ஒரு கை நீளம் விடு, மாரி முடிய வெட்டு, வெட்டி ரெண்டு மாசத்தில பொஞ்சாதிக்குக் கொண்டை நிறையப் பூவெண்டு. உங்களுக்கு ஆரு சொன்னது இந்த அளவெல்லாம்?”

“மாமி” என்றேன்.

கந்தப்பர் சிரிப்பை நிறுத்தினார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கம்பை எடுத்து மறுபடி சீவத் தொடங்கினார்.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி” என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது சைக்கிளை ஓட்டவில்லை, உருட்டிக்கொண்டு வந்தேன். மாமி முப்பது வருடம் அந்த மரத்துக்குப் பக்கத்தில் இருந்தவர். வெட்டினால் பூக்கும் என்று அவருக்குத் தெரியுமா? வீட்டில் எல்லாரையும் போல, உயரத்துக்கு வெட்டுகிறது என்றுதான் நினைத்தாரா? கணவர் செய்ததை வரிசை தவறாமல் சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டாரா? மீன் தண்ணீர் எதற்கு? மரம் செத்துவிடக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாமே?

எந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் துணி போதாமல் போனது.

லெவ்வையின் கேள்வி

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லும் லெவ்வையின் முன்னால் போய் இருந்தேன். வயதானவர், மெதுவாகக் கதைப்பார். முழுவதையும் கேட்டார்.

“பூவ அவ தலையில வெச்சாவா?”

“இல்ல.”

“அத்தர் பூசினாவா?”

“இல்ல, லெவ்வை.”

“அப்ப எது முறிஞ்சது?”

“மணம் அறைக்குள்ள போகுமே.”

“தம்பி, நாப்பதாம் கத்தத்துக்கு உங்கட ஊட்டுல சாம்பிராணி போட்டது ஆரு?”

“நீங்கதான்.”

“அது என்ன, மீனா மணந்திச்சி?”

பக்கத்தில் இருந்த, பாங்கு சொல்லும் மோதினார் சிரிப்பை அடக்க இருமினார்.

“அவ பூசக்கூடா, சூடக்கூடா. அலங்கரிக்கக்கூடா. மூக்க அடைச்சிக்கொண்டு இரிக்கச் சொல்லி நான் ஒரு கிதாபிலயும் ஓதினதில்ல. மரத்தப் பூக்க வெக்கிறது அல்லாஹ். இத்தா அப்படியே இரிக்கி. மிச்ச நாள எண்ணிக்கொண்டு போகச் சொல்லுங்க.”

எழும்பப் போனேன். மறுபடி குந்தினேன்.

“பூக்குமெண்டு தெரிஞ்சி வெட்டியிருந்தா, லெவ்வை?”

“நீங்க தெரிஞ்சா வெட்டினீங்க?”

“இல்ல.”

“பொறகென்ன?” என்றார். “தெரியாத ஒன்ட எடுத்து வந்து என்னட்டக் கேக்கக்கூடா, தம்பி.”

வீட்டுக்கு வந்து, திரைக்குக் கேட்கும்படி சல்மாவிடம் சொன்னேன். உள்ளே “அல்ஹம்துலில்லாஹ்” என்ற ஒரு சொல். பிறகு ஓதுகிற சத்தம்.

இரண்டு நாள் கழித்து, பொழுது பட்டு மஃரிபு பாங்கு சொல்லும் நேரம் முதல் மொட்டுகள் விரிந்தன. தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மணம் வந்தது. நடுவறையில் சல்மா விளக்கை வைத்துவிட்டு நின்றாள். நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்து அவளும் பார்த்தாள்.

திரையின் கீழ் விளிம்பில் இருந்த கல் அங்கே இல்லை. சுவரோரமாக நகர்ந்து கிடந்தது. நான் தைத்த வெள்ளைத் திரை காற்றுக்கு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

யார் நகர்த்தியது என்று சல்மாவிடம் கேட்கவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை.

அளவு

நாட்கள் நிறைந்தன. மாமி குளித்து, தொழுது, வெளியே வந்தார். மெலிந்திருந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். சாச்சி கட்டிப்பிடித்து அழுதார். சல்மா அழுதாள். நான் விறாந்தைப் பக்கம் நழுவப் பார்த்தேன்.

மாமி நேரே சாடிக்குப் போனார். பூ அப்போது முடிகிற தறுவாய். கொப்பைத் தொடவில்லை. சுவரில் என் சோக்குக் கோடு இன்னும் இருந்தது. அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு திரும்பி, சல்மாவை நடுவில் வைக்காமல், என்னைப் பார்த்து:

“அளவு சரிதான், மனே.”

மகனே என்று எனக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை. அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இருந்தார். ஒரு நாளும் பூ வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் மாரி ஓய்ந்ததும், “மனே, மரம் முகட்டு ஓட்டத் தொடுது” என்பார். நான் கொப்பியைத் திறக்காமலே இருபத்து மூன்றரையில் வெட்டுவேன். கேட்க நூறு சந்தர்ப்பம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டு எழும்பினேன்.

ஊருக்குள் கதை வேறாகப் போனது. தையல்காரன் வீட்டில் பூவால் இத்தா முறிந்தது என்று சாச்சி தெருவில் சொல்லியிருந்தார். லெவ்வையின் தீர்ப்பு வந்த பிறகு சல்மா அவரிடம் சண்டை பிடித்து அந்தப் பேச்சை நிறுத்தினாள். நின்ற இடத்தில் இரண்டு கதை முளைத்தது. ஒன்று, இத்தா முறிந்ததை மறைத்துவிட்டார்கள் என்று. மற்றது, கராமத்து. முதலாவது மாமி காதுக்கும் வந்தது. இரண்டாவதை நம்பி, எங்கோ தூரத்து ஊரிலிருந்து ஒரு பெண் சுகமில்லாத பிள்ளையோடு பூக் கேட்டு வந்தார். மாமி அவருக்குச் சோறு போட்டு, “இது சும்மா பூ, மகள். அல்லாஹ்ட்டக் கேளுங்க” என்று சொல்லி அனுப்பினார்.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யாருக்கும் சொல்வதானால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். பட்ட மரம் என்று சொல்ல வேண்டாம், பச்சை மரம்தான். ஒரே இரவில் என்று சொல்ல வேண்டாம், இரண்டு மாதம் எடுத்தது. மாமி தெரிந்து சொன்னார் என்று சேர்க்க வேண்டாம். தெரியாமல் சொன்னார் என்றும் சேர்க்க வேண்டாம். அதை அறிந்தவன் அல்லாஹ்.

எதையும் வெட்டவும் வேண்டாம். வெட்டிய இடத்தில் என்ன நடக்கும் என்று நான் கண்டிருக்கிறேன்.